12-க்கு 14 அடி சமையலறையில் ஐலேண்ட்: அடுப்பையும் சிங்க்கையும் சுவரோரமே விட்டுவிடுங்கள்

நீங்கள் சொன்னதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். சொந்த வீடு, தரைத்தளம், சுவர் எழும்பிவிட்டது, பூச்சு வேலை இன்னும் ஆரம்பிக்கவில்லை. தென்கிழக்கு மூலையில் சமையலறை, கிழக்கு மேற்காக 12 அடி, தெற்கு வடக்காக 14 அடி. வடக்குப் பக்கம் சுவர் இல்லாமல் சாப்பாட்டு இடத்தோடு சேர்ந்திருக்கிறது. தெற்குச் சுவரில் மேற்கு ஓரமாக யுடிலிட்டிக்கு, அதாவது கழுவுகிற துலக்குகிற இடத்துக்குப் போகும் கதவு. நீங்களும் மாமியாரும் சேர்ந்து சமைக்கிறவர்கள். நடுவில் ஐலேண்ட், அதாவது சுவரோடு ஒட்டாமல் சுற்றி நின்று வேலை செய்கிற தனி மேடை போட்டு அதிலேயே அடுப்பும் சிங்க்கும் வைத்துவிட வேண்டும் என்று ஆசை. பிரிட்ஜ், மைக்ரோவேவ், கிரைண்டர், புதிதாக வாங்கப்போகிற டிஷ்வாஷர் இதெல்லாம் எங்கே போகும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஐலேண்ட் தாராளமாக வைக்கலாம், உங்களுக்கு இடம் இருக்கிறது. ஆனால் அடுப்பும் வேண்டாம், சிங்க்கும் வேண்டாம். காய் நறுக்க, மாவு பிசைய, கீரை ஆய, நாலு பேர் சுற்றி நின்று முறுக்குப் பிழிய என்று ஒரு நல்ல காய்ந்த மேடையாக அது இருந்தால்தான் தினமும் உபயோகப்படும். தண்ணீரும் நெருப்பும் அதன் மேல் ஏறிய பிறகு மிச்சமாக வேலை செய்ய இரண்டடி இடம்கூட இருக்காது.

அடுப்பை ஏன் வேண்டாம் என்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடையில் மாடல் கிச்சன் பார்த்துவிட்டு வருகிற எல்லோரும் கேட்பது இதுதான். முதல் விஷயம் கேஸ். சிலிண்டரிலிருந்து அடுப்புக்கு வரும் ரப்பர் குழாய் அதிகபட்சம் ஒன்றரை மீட்டர்தான் இருக்கலாம், அதுவும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும், தரைக்கு அடியிலோ சுவருக்கு உள்ளேயோ புதைக்கக் கூடாது. அப்படியானால் சிலிண்டரை ஐலேண்டுக்கு உள்ளேயே அடைக்க வேண்டும், இல்லையென்றால் தரையில் சேனல் விட்டு செம்புக் குழாய் இழுக்க வேண்டும். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழே இறங்கித் தேங்கும், நான்கு பக்கமும் மூடிய பெட்டிக்குள் அது தேங்குவதை நான் எந்த வீட்டிலும் விரும்ப மாட்டேன். இரண்டாவது சிம்னி. சுவரோரம் அடுப்பு இருந்தால் 6 அங்குலக் குழாய் ஒன்று நேராக வெளிச்சுவரைத் துளைத்துப் போய்விடும். நடுவில் வைத்தால் மேலே ஏறி, பால்ஸ் சீலிங்குக்குள் படுத்து, பீமைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும், வளைவு கூடக்கூட இழுவை குறையும். நாம் தாளிக்கிற தாளிப்புக்கும் மிளகாய் வறுக்கிற நெடிக்கும் முழு இழுவையும் தேவை. மூன்றாவது, நம் ஊர் வெயிலுக்குச் சாப்பாட்டு இடத்தில் ஃபேன் போடாமல் உட்கார முடியாது. திறந்த சமையலறையில் அந்தக் காற்று நேராக நடுவில் இருக்கிற அடுப்பின் மேல்தான் அடிக்கும், தீ சாய்ந்து எரியும், சிம் பண்ணி வைத்தால் அணைந்தே போகும். இதோடு எண்ணெய் தெறிப்பதைத் தடுக்கப் பின்னால் சுவர் கிடையாது, எதிர்ப்பக்கம் குழந்தை ஸ்டூல் போட்டு ஏறி உட்கார்ந்திருக்கும்.

சிங்க்குக்குக் காரணம் எளிது. கழிவுநீர்க் குழாய்க்கு 40 அங்குல நீளத்துக்கு 1 அங்குலம் என்று சரிவு கொடுத்தால், ஐலேண்டிலிருந்து எட்டடி ஓடி வெளியே போவதற்குள் இரண்டரை அங்குலம் இறங்க வேண்டும். தரைத்தளம் என்பதால் செய்ய முடியாதது இல்லை. ஆனால் சாம்பார் எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் அந்தக் குழாயில் அடைத்துக்கொண்டால் டைல்ஸை உடைத்துத்தான் பார்க்க வேண்டும், சுவரோரம் என்றால் வெளியே சேம்பரை, அதாவது கழிவுநீர்க் குழாய் வந்து சேர்கிற மூடி போட்ட தொட்டியைத் திறந்து ஒரு கம்பி விட்டு எடுத்துவிடலாம். மாடி பிளாட்டில் இருப்பவர்கள் இதை யோசிக்கவே வேண்டாம், குழாய் கீழ்வீட்டுக்காரர் தலைக்கு மேல் போகும்.

சரி, இப்போது உங்கள் அறையில் எப்படிப் போடுவது என்று பார்ப்போம். கிழக்குச் சுவரிலும் தெற்குச் சுவரிலுமாக எல் வடிவத்தில் 2 அடி அகல மேடை. கிழக்கு மேடையின் விளிம்பிலிருந்து மூன்றரை அடி நடைபாதை, அதற்கப்புறம் இரண்டரை அடி அகலத்தில் ஐலேண்ட், அதைத் தாண்டி மேற்குச் சுவர் வரை 4 அடி. கூட்டிப் பாருங்கள், 12 அடி சரியாக வரும். தெற்கு வடக்கில், தெற்கு மேடை 2 அடி, நடைபாதை 4 அடி, ஐலேண்ட் நீளம் 5 அடி, வடக்கே சாப்பாட்டு இடத்தைப் பார்த்து 3 அடி திறந்த இடம். ஒருவர் சமைக்கிற இடத்தில் 42 அங்குலமும் இருவர் சமைக்கிற இடத்தில் 48 அங்குலமும் நடைபாதைக்கு விட வேண்டும் என்பது சமையலறை வடிவமைப்பில் பொதுவாகப் பின்பற்றும் அளவு, அதனால்தான் சிங்க் பக்கம் 4 அடி விட்டிருக்கிறேன். நீங்கள் ரசத்தை இறக்கும்போது மாமியார் பின்னால் பாத்திரம் எடுத்துக்கொண்டு போக முடிய வேண்டும். இந்த அளவில் 3 அங்குலத்தைத் திருடி ஐலேண்டைப் பெரிதாக்கலாம் என்று கார்ப்பென்டர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

மேற்குப் பக்க 4 அடியில், சுவரோடு ஒட்டி 1 அடி ஆழத்துக்கு மட்டும் தரையிலிருந்து மேல்வரை மளிகை அலமாரி வைத்துக்கொள்ளலாம். நடக்க 3 அடி மிஞ்சும், யுடிலிட்டிக்குப் போகிற வழி அதுதான், அடுப்படியைத் தொடாமல் வேலைக்கு உதவ வருகிற அக்கா உள்ளே வெளியே போய்வரலாம். 1 அடிக்கு மேல் ஆழம் வேண்டவே வேண்டாம். ஆழமான அலமாரியில் முன்னால் இருக்கிற டப்பா மட்டும்தான் புழங்கும், பின்னால் போன கடலைப்பருப்பு வண்டு வந்த பிறகுதான் கண்ணில் படும்.

அடுப்பு கிழக்குச் சுவரில், தென்கிழக்கு மூலையிலிருந்து நாலடி தள்ளி ஆரம்பிக்கட்டும். கிழக்கு பார்த்துச் சமைப்பதாக ஆகும், அக்னி மூலையும் ஆயிற்று, பெரியவர்களுக்கும் மனநிறைவு. அதை ஜன்னலுக்கு நேர் கீழே மட்டும் வைக்காதீர்கள், சிம்னி மாட்ட முடியாது, காற்றும் அடிக்கும். ஜன்னல் அடுப்புக்கு வடக்கே தள்ளி வருகிற மாதிரி இருந்தால் நல்லது, இல்லையென்றால் பூச்சுக்கு முன்பே நகர்த்திவிடுங்கள், இப்போது ஒரு நாள் வேலை. அடுப்புக்கும் சிம்னிக்கும் இடையே 26 முதல் 30 அங்குலம். சிம்னிக் குழாய்க்கான ஓட்டையை டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே போட்டுவிடச் சொல்லுங்கள். சிலிண்டர் இரண்டும் யுடிலிட்டியில் நிமிர்ந்து நிற்கட்டும், அங்கிருந்து செம்புக் குழாய், அடுப்புக்கு அருகில் கை எட்டுகிற இடத்தில் ஒரு வால்வு. உங்கள் கேஸ் ஏஜென்சி மூலம் வருகிற மெக்கானிக்கை வைத்தே செய்யுங்கள். சிலிண்டர் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் திறந்த சாக்கடை வாயோ தரைமட்டக் குழியோ இருக்கக் கூடாது, கசிந்த வாயு போய் உட்காரும் இடம் அது.

தெற்குச் சுவரில் சிங்க், மூலையிலிருந்து நாலடி தள்ளி. அதற்கு மேற்கே, கதவுப் பக்கமாக டிஷ்வாஷர். மூலைப் பக்கம் வைத்தால் அதன் கதவைத் திறக்கும்போதெல்லாம் அடுப்பில் நிற்பவர் காலில் இடிக்கும். இந்தப் பக்கம் வைத்தால் கதவு திறந்திருக்கும்போதும் சமையல் நடக்கும். தண்ணீர்க் குழாய், வடிகால் குழாய் இரண்டும் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர்தான் கூட வரும், அதனால் சிங்க்குக்குப் பக்கத்தை விட்டு அதற்கு வேறு இடம் கிடையாது. போர் தண்ணீர் கடின நீராக இருந்தால், அதை மென்மையாக்க மெஷினில் போடுகிற டிஷ்வாஷர் உப்பு தாராளமாகச் செலவாகும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. மெஷினும் இதே சுவரில்தான். அது வெளியேற்றும் தண்ணீரைச் சிங்க்கில் விடாமல் குழாய் வழியாக யுடிலிட்டியில் ஒரு டிரம்முக்குக் கொண்டுபோய்விடுங்கள், தரை கழுவ ஆகும்.

டிஷ்வாஷர் விஷயத்தில் பலர் கோட்டை விடுவது மேடையின் தடிமனில். 60 செ.மீ. அகல மெஷின் மேல்மூடியோடு சேர்த்து 85 செ.மீ. அளவு உயரம் இருக்கும், மூடியைக் கழற்றினால் பெரும்பாலும் 82 செ.மீ. பக்கம் வரும். உங்கள் மேடை 34 அங்குலம், அதாவது 86 செ.மீ. என்றால் போதும்தானே என்று தோன்றும். ஆனால் நம் கொத்தனார்கள் முதலில் இரண்டரை அங்குலத்துக்குக் கான்கிரீட் பலகை போட்டு, அதன் மேல் கலவை வைத்து, அதன் மேல் கிரானைட் பதிக்கிறார்கள். மூன்றரை அங்குலம் அதிலேயே போய்விடும், கீழே மிஞ்சுவது 77 செ.மீ., மெஷின் நுழையாது. அதனால் அந்த இரண்டடிக்கு மட்டும் கான்கிரீட் வேண்டாம், இரண்டு பக்கமும் கடப்பா கல்லை நிறுத்தி அதன் மேல் கிரானைட்டை மட்டும் உட்கார வையுங்கள், நடுவில் சுத்தமாக 24½ அங்குலம் அகலம் கிடைக்க வேண்டும். உயரத்தை அளப்பது இப்போது இருக்கிற மண்தரையிலிருந்து அல்ல, டைல்ஸ் போட்ட பிறகு வரப்போகிற மட்டத்திலிருந்து. இதை மேஸ்திரியிடம் வாயால் சொல்வதோடு விடாமல் சுவரில் பென்சிலால் கோடு போட்டுக் காட்டுங்கள்.

மேடை உயரத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நின்றபடி முழங்கையை மடக்கி, தரையிலிருந்து முழங்கை வரை அளந்து அதில் 4 முதல் 6 அங்குலம் கழித்தால் உங்களுக்கான உயரம். ஐந்தடி இரண்டங்குலம் இருக்கிற ஒருவருக்கு 33, 34 அங்குலம் பக்கம் வரும். ஆனால் மேடை மேல் வைக்கிற சாதாரண அடுப்பே நாலைந்து அங்குலம் உயரம், அதன் மேல் ஐந்து லிட்டர் குக்கர் ஏறினால் உள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்க வேண்டியிருக்கும், தோள்பட்டை வலி அங்கேதான் ஆரம்பிக்கிறது. மேடையில் பதிக்கிற அடுப்பு வாங்கவில்லை என்றால், அடுப்பு வருகிற அந்த இரண்டரை அடி நீளத்தை மட்டும் 4 அங்குலம் தாழ்த்திக் கட்டச் சொல்லுங்கள், பார்க்கவும் ஒன்றும் அசிங்கமாக இருக்காது. ஐலேண்டை 32 அங்குலத்தில் வையுங்கள். மாவு பிசையவும் சப்பாத்தி தேய்க்கவும் கை கீழே அழுந்த வேண்டும், உயரமான மேடையில் தேய்த்தால் முதுகின் பலம் கைக்கு வராது.

பிரிட்ஜ் கிழக்குச் சுவரின் வடக்குக் கோடியில், சாப்பாட்டு இடத்துக்குப் பக்கத்தில். தண்ணீர் எடுக்கவும் பழம் எடுக்கவும் வருகிற பிள்ளைகள் அடுப்படி வரை வரத் தேவையில்லை என்பது இதில் பெரிய லாபம். அங்கே 3 அடி அகலம் ஒதுக்குங்கள். ஐலேண்ட் அதற்கு முன்பே முடிந்துவிடுவதால் கதவு எதிலும் இடிக்காது. கதவு வெறும் 90 டிகிரி திறந்தால் போதாது, உள்ளே இருக்கிற காய்கறி டிரே வெளியே வர இன்னும் கொஞ்சம் விரிய வேண்டும், அதனால் சுவரோடு ஒட்டி நெருக்க வேண்டாம். பக்கத்தில் ஒரு ஒன்றேகால் அடியாவது காலி மேடை இருக்கட்டும், பால் பாக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு இடம் தேடி அலையக் கூடாது. மைக்ரோவேவை அந்தக் காலி மேடைக்கு மேலே ஒரு தட்டில், தரையிலிருந்து நாலேகால் அடி உயரத்தில் வையுங்கள். அதற்கு மேலே போனால் கொதிக்கிற கிண்ணத்தைத் தலைக்கு நேரே தூக்கி இறக்க வேண்டி வரும்.

அடுப்பு, சிங்க், பிரிட்ஜ் இந்த மூன்றையும் கோடு போட்டு இணைத்தால் வருகிற முக்கோணத்தின் மொத்த நீளம் 13 அடிக்குக் குறையாமலும் 26 அடிக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு, 1940-களில் அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உருவாக்கியது. நான் சொன்ன அமைப்பில் தோராயமாக 23 அடி வருகிறது. சிங்க்குக்கும் பிரிட்ஜுக்கும் இடையே மட்டும் 11 அடி, அந்த விதி ஒவ்வொரு பக்கத்துக்கும் சொல்கிற 9 அடியைத் தாண்டும். பரவாயில்லை, பிரிட்ஜிலிருந்து எடுத்ததை ஐலேண்டில் வைத்துவிட்டு ஒன்றாக எடுத்துக்கொண்டு போவீர்கள். அந்த முக்கோணம் ஒரே ஆள் சமைக்கிற வீட்டை மனதில் வைத்துப் போட்டது, அதில் கிரைண்டரும் கிடையாது, பண்டிகைக்கு வந்து நிற்கிற சித்தியும் கிடையாது.

கிரைண்டருக்கு வருவோம். நம் வீட்டில் பிரிட்ஜுக்கு அடுத்து யோசித்து இடம் கொடுக்க வேண்டிய பொருள் இதுதான், டிசைனர் தருகிற படத்தில் பெரும்பாலும் இருக்கவே இருக்காது. 2 லிட்டர் டேபிள் டாப் கிரைண்டரையும் 34 அங்குல மேடையில் ஏற்றிவைத்தால், குழவிக் கல்லைத் தூக்குவதும் மாவு வழிப்பதும் மார்பு உயரத்தில் நடக்கும், அறுபது வயதுத் தோளுக்கு அது கொடுமை. உங்கள் யுடிலிட்டி மழைச்சாரல் அடிக்காத இடமாக இருந்தால், அங்கே 20 அங்குல உயரத்தில் ஒரு கடப்பா மேடை, மேலே ஒரு குழாய், கீழே தண்ணீர் ஓட வழி, இடுப்பு உயரத்தில் மூடியுள்ள பிளக் பாயின்ட். சாய்க்கிற மாடல் என்றால் முன்னால் மாவுப் பாத்திரம் வைக்க ஒன்றரை அடி கூடுதலாக விடுங்கள். அரைத்த இடத்திலேயே கழுவிவிட்டு மாவுத் தூக்கை மட்டும் உள்ளே எடுத்துவரலாம், சத்தமும் வெளியே போய்விடும். மிக்ஸிக்கு அடுப்புக்கும் பிரிட்ஜுக்கும் இடையே உள்ள கிழக்கு மேடை, அடுப்பிலிருந்து ஒன்றரை அடியாவது தள்ளி. அதை ஷட்டர் போட்ட பெட்டிக்குள் மறைக்கச் சொல்வார்கள், நான் சொல்ல மாட்டேன். ஒரு நாளைக்கு மூன்று தடவை எடுக்கிற பொருள் வெளியே இருக்கட்டும்.

மின்சாரம். தரைக்கு டைல்ஸ் போடுவதற்கு முன்பே ஐலேண்டுக்குப் பைப் விட்டுவிட வேண்டும், இதை விட்டால் பிறகு தரையில் வயர் ஓடும், ஈரக்காலோடு நடக்கிற இடத்தில் அது கூடவே கூடாது. ஒரு 16 ஆம்ப் பாயின்ட், ஒரு 6 ஆம்ப் பாயின்ட், இரண்டும் ஐலேண்டின் பக்கவாட்டில், மேல்பரப்பில் அல்ல. சுவர்ப் பக்கம் பிரிட்ஜ், மைக்ரோவேவ், டிஷ்வாஷர், இண்டக்‌ஷன் ஒவ்வொன்றுக்கும் தனி 16 ஆம்ப். டிஷ்வாஷரும் இண்டக்‌ஷனும் ஆளுக்கு 2000 வாட் அளவில் இழுப்பவை, இரண்டையும் ஒரே லைனில் கொடுக்க எலக்ட்ரீஷியன் சொன்னால் மறுத்துவிட்டு 4 சதுர மி.மீ. வயரில் தனித்தனியாகக் கேளுங்கள். மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. சமையலறைக்குக் கட்டாயம். சீலிங் ஃபேனை ஐலேண்டுக்கு மேற்கே நடைபாதைப் பக்கம் தள்ளி மாட்டுங்கள், விளக்கு ஃபேன் இறக்கைக்கு மேலே வந்தால் நறுக்குகிற கத்தி மேல் நிழல் படபடவென்று ஓடிக்கொண்டிருக்கும்.

ஐலேண்டின் சாப்பாட்டுப் பக்கம் உட்கார இடம் கேட்டிருந்தீர்கள். வடக்கு முனையில் கிரானைட்டை 10 அங்குலம் வெளியே நீட்டிவிடலாம், அதற்கு மேல் நீட்டினால் கீழே இரும்புத் தாங்கி வேண்டும். இரண்டு பேர் நெருக்கி உட்கார்ந்து காபி குடிக்கலாம், சாப்பாட்டு மேஜையாக அதை நினைக்காதீர்கள். ஆனால் யாராவது அங்கே உட்கார்ந்தால் பிரிட்ஜுக்கு முன்னால் இருக்கிற இடம் குறையும், எனக்கு இது அவ்வளவு பிடித்த ஏற்பாடு இல்லை. ஐலேண்டுக்குக் கீழே முழுக்க டிராயர்கள் போடுங்கள், கதவு வைத்த அலமாரி வேண்டாம். குனிந்து உள்ளே தலையை விட்டுத் தேடுகிற வேலை மிச்சம். மரம் என்றால் தண்ணீர் தாங்குகிற 710 கிரேடு ப்ளை, குறைந்தபட்சம் சிங்க்குக்குக் கீழாவது. மர நாரை அழுத்திச் செய்கிற எம்.டி.எஃப். பலகை சமையலறைக்குள்ளேயே வரக் கூடாது.

இதே ஆசையோடு 8-க்கு 10 சமையலறை வைத்திருப்பவர்கள் யாராவது படித்தால், உங்களுக்கு ஐலேண்ட் இல்லை, எதிரெதிர்ச் சுவரில் இரண்டு மேடை போட்டு நடுவில் 4 அடி விட்டால் அதைவிட வசதியான சமையலறை கிடையாது.

கட்டுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். சுண்ணாம்பையோ சாக்பீஸையோ எடுத்து நான் சொன்ன அளவை எல்லாம் அந்த மொட்டைத் தரையிலேயே வரையுங்கள், ஐலேண்ட் இருக்கிற இடத்தில் மட்டும் சென்ட்ரிங் பலகையைச் செங்கல் மேல் 32 அங்குல உயரத்துக்கு நிறுத்துங்கள். நீங்களும் மாமியாரும் கையில் ஆளுக்கொரு பாத்திரத்தோடு கால் மணி நேரம் சமைக்கிற மாதிரியே நடந்து பாருங்கள், பிரிட்ஜ் கதவும் டிஷ்வாஷர் கதவும் திறக்கிற வட்டத்தையும் வரைந்துகொள்ளுங்கள். எங்கே உரசுகிறதோ அங்கே ஐலேண்டைக் குறையுங்கள், நடைபாதையைக் குறைக்காதீர்கள். அப்படியும் மனசு ஒப்பவில்லை என்றால் தரைக்குள் வயர் பைப்பை மட்டும் விட்டு மேலே ஒரு மூடி போட்டுவிடுங்கள், ஐந்தடிக்கு இரண்டரை அடியில் கடப்பா கல் பதித்த மர மேஜை ஒன்றை அதே இடத்தில் போட்டு ஒரு தீபாவளி வரை புழங்கிப் பாருங்கள். நிரந்தரமாகக் கட்டுவதா வேண்டாமா என்று பிறகு முடிவு செய்யலாம்.